ஒற்றைச் சக்கரம்

ராத்திரி தூக்கம் வராம ஒரு பழைய ரேடியோ பதிவைக் கேட்டுட்டிருந்தேன். 2018 செப்டம்பர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், பெவர்லி விமான நிலையம். 17 வயசுப் பொண்ணு, பயிற்சி விமானி. சின்ன பைப்பர் விமானத்துல தனியா கிளம்புறா. ஓடுபாதையை விட்டு எழும்பும்போதே வலது பக்கச் சக்கரம் கழன்று விழுந்துடுச்சு.

மேலே போயாச்சு, இனி இறங்கித்தானே ஆகணும்!

பயிற்சியாளர் ரேடியோவுல வந்து பேச ஆரம்பிக்கிறார். அந்தக் குரல்ல துளி பதற்றம் இல்ல. (நமக்கு கார் ஓட்டக் கத்துக்கொடுத்தவரு கிளச்சை விட்டதுக்கே கத்தினாரு.)

இப்படி இறங்கும்போது நல்லா இருக்கிற சக்கரத்துப் பக்கமாத்தான் பாரத்தைச் சாய்க்கணும். வேகம் இருக்கிற வரைக்கும் இன்னொரு பக்க இறக்கை தாக்குப்பிடிக்கும். வேகம் குறையக் குறைய அது தொங்கும், தரையில உரசும், விமானம் அந்தப் பக்கமா இழுக்கும். அதைத் தடுக்க முடியாது, எவ்வளவு தள்ளிப்போடுறோம்ங்கிறதுதான் கணக்கு.

அவளும் இறங்கினா. விமானத்துக்குத்தான் அடி, அவளுக்குக் கீறல்கூட இல்ல.

மணி ரெண்டு. மறுபடி முதல்ல இருந்து கேட்டேன்.