300 மீட்டர் டயலும் பர்லியாறு ஏற்றமும்

குன்னூரிலிருந்து எந்தக் கடலைப் பார்க்க வேண்டுமென்றாலும் மலை இறங்கி மணிக்கணக்கில் வண்டி ஓட்ட வேண்டும். ஆனால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிற்கிற டாக்சி டிரைவர்களின் கையைப் பாருங்கள், பாதிப் பேர் டைவிங் வாட்ச் கட்டியிருப்பார்கள். கருப்பு டயல், திரும்புகிற வளையம், ரோலெக்ஸ் சப்மரைனர் என்று பேர், அதற்குக் கீழே 1000 அடி, 300 மீட்டர் என்று பொடி எழுத்து. மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்ததாக இருக்கும், இல்லையென்றால் கீழே யாரிடமோ வாங்கிய 'ஃபர்ஸ்ட் காப்பி' என்கிற போலி. அசலின் விலைக்கு அவர்கள் ஓட்டுகிற காரையே வாங்கிவிடலாம்.

நான் உட்கார்ந்திருப்பது அப்பா விட்டுப்போன ரிப்பேர் மேசை. காப்பி வாட்ச் விற்பதில்லை. 1999-ஆம் வருஷத்து வணிகச் சின்னச் சட்டப்படி அது ஜெயில் வரைக்கும் போகிற சமாச்சாரம். ஆனால் கெட்டுப்போய் வந்துவிட்டால் திறந்து பார்க்காமல் அனுப்ப மனசு வருவதில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் வாட்சுக்குள் பனி படிகிற தொல்லை ஆரம்பிக்கும். போன வாரம் ஒரு தம்பி வந்தான். கண்ணாடிக்கு உள்பக்கம் நான்கு மணிக்குப் பக்கத்தில் பனி படிந்திருக்கிறது. "தண்ணியில போடவே இல்லக்கா. கை கழுவும்போதுகூட கழட்டி வச்சிருவேன். இது முன்னூறு மீட்டராச்சே?"

தண்ணீரில் போடவில்லை என்பதை நான் நம்பினேன். இந்த மலையில் வாட்சைக் கெடுக்கத் தண்ணீர் தேவையில்லை, ரோடு போதும்.

10 மீட்டர் ஆழத் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு பார் அழுத்தம் கொடுக்கும். குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே காற்றழுத்தம் 0.8 பார் சொச்சம். மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம்தான், அங்கே ஒரு பாருக்குக் கொஞ்சம் குறைவு. இங்கே மூடிய வாட்ச் மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்போது, ஒன்றரை மீட்டர் தண்ணீரில் முக்கினால் வருகிற அளவு அழுத்தம் வெளியிலிருந்து அழுத்துகிறது. வாஷர் சரியாக உட்காராத கேஸாக, அதாவது வாட்சின் இரும்புக் கூடாக, இருந்தால் கீழே இருக்கிற வெக்கையான, ஈரமான காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். திரும்பி மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி ஏற ஏறக் காற்று கொஞ்சம் வெளியே போகும், ஈரம் எல்லாம் போகாது. வழியில் காட்டேரி என்கிற ஊர்ப் பக்கம் குளிர் அடித்ததும் கண்ணாடியில் படிந்துவிடும். கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு ஓயாமல் நடை அடிக்கிறவன் வாட்ச் இப்படியே மூச்சு இழுத்து விட்டுக்கொண்டு கிடக்கிறது. ஊட்டி ஆளுக்கு உயரம் இன்னும் ஜாஸ்தி, தொல்லையும் ஜாஸ்தி.

அந்தத் தம்பியின் வாட்சைத் திறந்தேன். அசல் சப்மரைனரில் ஓரமாகத் திருகுகிற சாவியின் தலையில், ரோலெக்ஸின் கிரீட முத்திரைக்குக் கீழே மூன்று புள்ளி இருக்கும். உள்ளே பல அடுக்காக ரப்பர் அடைப்பு இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். இதிலும் மூன்று புள்ளி இருந்தது, அழகாகவே வெட்டியிருந்தார்கள். உள்ளே முடி மாதிரி ஒரே ஒரு ரிங், அதுவும் கிரீஸ் படாமல் காய்ந்து கிடந்தது. சாவி போய்த் திருகுகிற குழாயைக் கேஸில் வெறுமனே அழுத்தி ஒட்டியிருந்தார்கள். பின்மூடி வாஷர் ஓர் இடத்தில் பள்ளத்தை விட்டு வெளியே வந்து, மூடியின் இழையில் மாட்டி நசுங்கியிருந்தது. ஃபேக்டரியில் மூடின அன்றைக்கே நசுங்கியிருக்க வேண்டும்.

காப்பி வாட்சிலேயே ஹீலியம் வால்வு வைத்ததும் வருகிறது. அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான். ஆழ்கடலில் நாள்கணக்காக ஹீலியம் கலந்த காற்றறையில் தங்கி வேலை பார்க்கிறவர்களுக்காக 1967-இல் ரோலெக்ஸின் சீ-டுவெல்லர் வாட்சோடு வந்தது அந்த வால்வு. ஹீலியம் ரொம்பப் பொடியான வாயு, அடைப்பைத் தாண்டி உள்ளே நுழைந்துவிடும். மேலே வரும்போது விரிந்து கண்ணாடியைத் தள்ளும். அதை வெளியே விடத்தான் வால்வு. காப்பியில் பெரும்பாலும் அது வெறும் திருகாணி. கேஸில் தேவையில்லாமல் இன்னொரு ஓட்டை.

டயலில் இருக்கிற எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கேட்பவர்கள் குறைவு, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். டைவிங் வாட்சுக்கு ஐஎஸ்ஓ 6425 என்று ஒரு தரம் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு வாட்சையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், எழுதியிருக்கிற அழுத்தத்துக்கு மேல் கால் பங்கு கூட்டி. 300 மீட்டர் என்றால் 375 மீட்டர் ஆழத்துக்கான அழுத்தத்தைத் தாங்கிக் காட்ட வேண்டும். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது இந்தச் சோதனைதான். காப்பியில் இருப்பது அச்சு மட்டும். 1953-இல் முதல் சப்மரைனர் வந்தபோது அது தாங்கும் என்று சொன்னதே 100 மீட்டர்தான்.

என்னிடம் இருப்பது கையால் பம்ப் அடிக்கிற ஒரு பிளாஸ்டிக் உருளை. பாதி தண்ணீர், மேலே காற்று. பட்டையைக் கழற்றிவிட்டு, வாட்சைத் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டு 3 பார் வரைக்கும் பம்ப் அடிப்பேன். கொஞ்ச நேரம் விட வேண்டும், ஓட்டை இருந்தால் அழுத்தக் காற்று கேஸுக்குள் போய்விடும். பிறகு வாட்சைத் தண்ணீரில் இறக்கி, திருகைத் தளர்த்தி மெதுவாக அழுத்தத்தைக் குறைப்பேன். உள்ளே போன காற்று வெளியே வர ஆரம்பிக்கும். ஓரத்தில் ஒட்டியிருந்து கிளம்புகிற இரண்டொரு குமிழியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரே இடத்திலிருந்து ஊசி நுனி அளவில் சரம் சரமாக வந்தால் அங்கேதான் ஒழுக்கு. பார்த்த நொடியே, அழுத்தம் முழுசாக இறங்குவதற்குள், வாட்சை மேலே தூக்கிவிட வேண்டும். தாமதித்தால் காற்று போன வழியிலேயே தண்ணீர் ஏறிவிடும். தம்பியின் வாட்ச் என்பதால் மெஷினை வெளியே எடுத்து வைத்துவிட்டு வெறும் கேஸைத்தான் இறக்கினேன். சாவிப் பக்கம் ஒரு சரம், பின்மூடியில் ஒரு சரம்.

சரியான அளவில் ஓ-ரிங் போட்டு, சிலிக்கான் கிரீஸ் தடவி, குழாயை எடுத்து மறுபடி ஒட்டிப் பார்த்தேன். 3 பாருக்குக் குமிழி வரவில்லை. காப்பி என்பதாலேயே கேஸைக் குறை சொல்ல மாட்டேன். இரும்பு கனமாகத்தான் இருக்கிறது, கடைசல் வேலையும் மோசமில்லை. மிச்சம் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத ரப்பரில். சாவியின் இழையும் சீக்கிரம் தேயும், அதை என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

அதே வாரம் வெலிங்டன் பக்கத்திலிருந்து ரிட்டயர் ஆன ஒரு ஆபீசர் வந்தார். கையில் அசல் சுவிஸ் வாட்ச், வாங்கியதிலிருந்து திறந்ததே இல்லையாம். வாஷர் தார் மாதிரி இளகி ஒட்டிக்கொண்டு வந்தது. டெஸ்டில் அதுவும் தோற்றது. "ஒரிஜினல்மா இது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரிஜினல்தான் சார், ரப்பருக்கு அது தெரியாதே.

நீச்சலில் கை வீசினாலே அழுத்தம் பல மடங்கு ஏறும், அதனால்தான் 30 மீட்டர் வாட்சில் தண்ணீர் போகிறது என்று ஒரு பேச்சு இருக்கிறது. கணக்குப் போட்டால் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கை போனாலும் கூடுவது ஒன்றேகால் மீட்டர் ஆழத்து அழுத்தம்தான். கெடுப்பது வேறு. கீசர் வெந்நீரில் குளித்துவிட்டு மார்கழிக் குளிரில் வெளியே வருவது, சோப்பு, சாவியைத் திருகாமல் விடுவது. அரிசி டப்பாவில் போட்டு வைத்தால் ஈரம் போகும் என்பதும் வேண்டாம். அரிசித் தூசிதான் சாவிக்குள் போகும். பனி தெரிந்தால் அன்றைக்கே கொண்டுவாருங்கள், முள்ளிலும் தேதிச் சக்கரத்திலும் துரு பிடிக்க ரொம்ப நாள் ஆகாது.

வீட்டிலேயே பார்க்கவும் ஒரு வழி உண்டு. எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வெந்நீர் ஊற்றி, மூடி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் வாட்சை அதன்மேல் படுக்க வையுங்கள். நன்றாகச் சூடேறியதும் கண்ணாடி நடுவில் ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் விட்டு, ஒரு நிமிஷம் கழித்துத் துடையுங்கள். சொட்டு இருந்த இடத்தில் உள்பக்கம் வட்டமாகப் பனி தெரிந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. தர நிர்ணயக்காரர்கள் 40, 45 டிகிரிக்குச் சூடாக்கிச் செய்வதும் இதே சோதனைதான்.

தம்பியின் ரசீதில் "3 பார், இன்றைய தேதியில்" என்று எழுதிக் கொடுத்தேன். ஏமாற்றமாகப் பார்த்தான். "முன்னூறுன்னு எழுத மாட்டீங்களாக்கா?"

"என் பம்ப் ஆறுக்கு மேல ஏறாது தம்பி. மூணு போதும், மழைக்குத் தாங்கும். அடுத்த ஐப்பசிக்கு முன்னால ஒரு தடவ கொண்டுவா, வாஷர் மட்டும் பாத்துத் தரேன்."

"பைக்காரா போட்டிங்குக்குக் கட்டிட்டுப் போலாமா?"

"போலாம். சாவிய திருகிட்டுப் போ."