பாலம் தாண்டினதும் 55

அமெரிக்கால ஐ-10 ஹைவேல அரிசோனாலேர்ந்து வந்துட்டு இருந்தேன், பின்னாடி ட்ரெய்லர். கொலராடோ ஆத்துப் பாலம் தாண்டி கலிஃபோர்னியாக்குள்ள நுழைஞ்சா ஒரு போர்டு, எதையாவது இழுத்துட்டு வந்தா அதிகபட்சம் 55 மைல்.

அந்தப் பக்கம் 75 லிமிட்.

அதே ரோடு, அதே வண்டி, அதே சுமை.

வேகம் கூட போர்டு பாத்து தெரிஞ்சுக்கலாம், பிரேக்குக்கு எந்த போர்டும் கிடையாது. அரிசோனால ட்ரெய்லர் மொத்த எடை 3,000 பவுண்டு ஆனாத்தான் அதுக்குத் தனி பிரேக் கட்டாயம், இங்க தங்கிக்கிற கேம்ப் ட்ரெய்லரா இருந்தா 1,500லயே கட்டாயம்.

கிளம்பும்போது டயர் பாத்தேன், கொக்கி பாத்தேன், சங்கிலி பாத்தேன், சட்டத்தைப் பாக்கணும்னு தோணவே இல்ல. பின் சீட்ல குழந்தைங்க தூங்கிட்டு இருந்தாங்க, மனசு பதறிப் போச்சு, வேகத்தைக் குறைச்சு வலது லேனுக்கு வந்துட்டேன்.

அடுத்த வாரம் நெவாடா. இன்னிக்கு ராத்திரியே அங்க ட்ரெய்லருக்கு என்ன விதின்னு உக்காந்து படிக்கணும்.