முதலாம் எலிசபெத் ராணி ஏன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை? கெனில்வொர்த் கோட்டையில் ஒரு பகல்

இங்கிலாந்து போகிறவர்கள் தயவுசெய்து லண்டனோடு திரும்பிவிடாதீர்கள். கெனில்வொர்த் கோட்டையைப் பார்த்த பரபரப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

லண்டன் யூஸ்டனிலிருந்து கவென்ட்ரிக்கு ரயில். அங்கிருந்து கோட்டை பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. பஸ்ஸுக்கு 3 பவுண்ட்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, வரவேண்டிய பஸ் வரவே இல்லை. கால் கடுக்க நின்றதுதான் மிச்சம். டாக்ஸிக்காரர் வாய் கூசாமல் 25 பவுண்ட் கேட்டார். நம்மூர்க் கணக்கில் மூவாயிரம் ரூபாயை நெருங்குகிறது! வயிறு எரிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக் காசு அதிலேயே போயிற்று.

செந்நிற மணற்கல் சுவர்களைக் கண்டதும் அந்த எரிச்சல் பறந்துவிட்டது. 1575 ஜூலையில் முதலாம் எலிசபெத் இங்கே 19 நாள் விருந்தாளியாக இருந்தார். அழைத்தவர் லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லி. ராணி தங்குவதற்கென்றே தனி மாளிகை எழுப்பியிருந்தார் மனிதர். இன்று அதற்குக் கூரையும் இல்லை, தளமும் இல்லை. பெரிய பெரிய ஜன்னல் திறப்புகளோடு சுவர்கள் மட்டும் நிற்கின்றன. உள்ளே புதுப் படிக்கட்டு போட்டிருக்கிறார்கள். ஏறினால் ராணியின் அறை இருந்த உயரத்திலேயே நிற்கலாம். இறங்க மனசே வரவில்லை.

அந்த விருந்துக்காக எழுதிய ஒரு நாடகத்தில், திருமணம் செய்துகொள்ளும்படி ராணிக்கே புத்தி சொல்லும் கட்டம் இருந்தது. நாடகம் அரங்கேறவே இல்லை. வானிலை சரியில்லை என்றார்களாம். நான் நம்பவில்லை.

அங்கே காதில் விழுந்த பேச்செல்லாம் டட்லியோடு கைகூடாமல் போன காதலைப் பற்றித்தான். அது பாதிக் கதை. டட்லியின் மனைவி ஏமி 1560-ல் படிக்கட்டின் அடியில் கழுத்து முறிந்து செத்துக் கிடந்தார். அதற்குப் பிறகு அவரை மணந்தால் ஊர் வாயை யார் மூடுவது? ஆனால் அதற்கும் முன்பே எலிசபெத் பார்க்காததா? மூன்று வயது நிறையுமுன் தாய் ஆன் பொலினின் தலை போயிற்று. போக்கியவர் பெற்ற தகப்பன், எட்டாம் ஹென்றி. சிற்றன்னை கேத்தரின் ஹோவர்டுக்கும் 1542-ல் அதே கதி. அப்போது ராணியாக இருந்த அக்கா மேரி, ஸ்பெயின் இளவரசர் பிலிப்பைக் கட்டப்போகிறார் என்றதுமே 1554-ல் கலகம் வெடித்தது. அதில் பங்கு இருக்கும் என்ற சந்தேகத்தில் தங்கை எலிசபெத்தை லண்டன் டவர் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள்.

வெளிநாட்டு இளவரசனைக் கட்டினால் நாடு அவன் பிடிக்குப் போகும். உள்ளூர்ப் பிரபுவைக் கட்டினால் மற்றவர்கள் கத்தியைத் தீட்டுவார்கள். கட்டாமல் இருந்தால், ஸ்வீடன், ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று வரிசையாக வரன் வரும். பேச்சை இழுத்தே காரியம் சாதிக்கலாம். அப்படித்தான் சாதித்தார். 1603-ல் சாகும்வரை அரியணை அவர் ஒருவருடையதாகவே இருந்தது. இதைப் போய் காதல் தோல்வி என்கிறார்களே!

டட்லியின் கல்லறை பக்கத்து ஊரான வாரிக்கில், செயின்ட் மேரி தேவாலயத்தில் இருக்கிறது. அவர் 1578-ல் ரகசியமாக மணந்த லெட்டிஸின் சிலையும் அருகிலேயே படுத்திருக்கிறது. அந்தம்மாவை ராணி அரண்மனைப் பக்கமே சேர்க்கவில்லை. பட்ஜெட் இடித்தால் வாரிக் கோட்டையை விட்டுவிட்டு இந்தத் தேவாலயத்துக்குப் போங்கள்.