டிராம் நிறுத்தத்தில் ஒரு ரொட்டிக்காரர்

அக்டோபர் 14, ரோம்

டெர்மினி நிலையத்தில் 5ஆம் எண் டிராமில் ஏறினோம். பேச்சு சுவாரசியத்தில் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி, உச்சி வெயிலில் திரும்பி நடந்தோம். அப்போது மனைவி சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.

போர்த்தா மஜ்ஜோரே இருப்பது அமைதியான இடத்தில் அல்ல. தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடுகின்றன. நான்கு பக்கமும் வண்டிகள். இரண்டு கால்வாய்களின் நீரைச் சாலைகளுக்கு மேலாகக் கொண்டுபோக, கி.பி. 52இல் கிளாடியஸ் பேரரசர் கட்டிய பிரம்மாண்ட வளைவு அது. அதன் காலடியில், கம்பி வேலிக்குள் நிற்கிறது நான் பார்க்க வந்த பழைய ரோமானிய ரொட்டிக்காரர் ஒருவரின் கல்லறை. கீழே செங்குத்தான உருளைகள், மேலே மூன்று வரிசையாகப் பெரிய வட்டத் துளைகள். ரோமானியக் கட்டடம் என்றால் மனதில் எழும் தூணும் சிலையும் இங்கே எங்கே?

"இட்லித் தட்டை நிமிர்த்தி வைத்தது போல இருக்கிறது" என்றாள் மனைவி.

துளைகளுக்கு மேலே, உச்சியை ஒட்டி ஒரு சிற்ப வரிசை ஓடுகிறது. உயரம் சுமார் 10 மீட்டர். வேலியைத் தாண்ட அனுமதியில்லை. நடுப்பகல் வெளிச்சத்தில் மனிதர்களும் மூட்டைகளும் ஒன்றாகத் தெரிந்தன. பைனாகுலர் அறையில் இருந்தது. ஏமாற்றத்தோடு திரும்பினோம்.

அக்டோபர் 15

மழை. அறையிலேயே வாசிப்பு.

ஆளின் பெயர் மார்க்குஸ் வெர்கிலியுஸ் யூரிசாகெஸ். ரொட்டிக்காரர், கூடவே அரசு ஒப்பந்தக்காரர். கல்லறையின் காலம் கி.மு. 50க்கும் 20க்கும் இடையில் என்கிறார்கள். பெயரில் கிரேக்க வாடை அடிப்பதால் விடுதலை பெற்ற அடிமை என்பது பலரின் ஊகம். கல்வெட்டில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. இந்தக் கல்லறையைப் பற்றி எழுதியவர்களில் சிலர் 'புதுப் பணக்காரரின் ரசனை' என்று உதட்டைச் சுழித்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சுழிப்பு பிடிக்கவில்லை. நிலத்தில் வந்த பணம் மட்டும் ரசனையோடு பிறந்ததா?

ஊருக்குள் பிணம் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது பழைய ரோமானியச் சட்டம். அதனால் ஊரை விட்டு வெளியேறும் சாலைகளின் ஓரமெல்லாம் கல்லறைகள். இரண்டு சாலைகள் பிரியும் முனையில் இடம்பிடித்த இவர் விவரமானவர். வளைவு கட்ட வந்தவர்களும் இதை இடிக்காமல் விட்டார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹொனோரியுஸ் பேரரசர் காலத்தில், ஒரு காவல் கோபுரம் இதை அப்படியே விழுங்கிவிட்டது. 1838இல் போப் பதினாறாம் கிரிகோரி அந்தப் பிற்காலக் கட்டுமானத்தை அகற்றியபோது, உள்ளிருந்து ரொட்டிக்காரர் வெளியே வந்தார்.

வட்டத் துளைகள் மாவு பிசையும் தொட்டிகளைக் குறிக்கின்றன என்பது ஒரு கருத்து. தானியம் அளக்கும் மரக்கால்கள் என்பது இன்னொன்று. மனைவியிடம் சொன்னேன். இட்லித் தட்டுக்குத்தான் வெற்றி என்கிறாள்.

அக்டோபர் 16

மாலை ஐந்து மணி, பைனாகுலரோடு. சாய்ந்த வெயிலில் மேற்கு முகப்பு பொன்னிறமாகத் துலங்கியது.

தெற்குப் பக்கத்திலிருந்து தொடங்கினேன். தானியம் வந்து இறங்குகிறது, பதிவாகிறது. அடுத்து திரிகை, விலங்குகள் சுற்றி வருகின்றன. பிறகு சலிக்கிறார்கள். வடக்குப் பக்கம் நிழலில் இருந்தாலும் தெரிந்தது: பிசைகிறார்கள், நீள மேசைகளின் இருபுறமும் நின்று உருட்டுகிறார்கள், கடைசியில் ஒருவன் நீண்ட துடுப்பால் அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளுகிறான். அவன் முதுகின் வளைவைச் செதுக்கியவன் அடுப்படியில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

வேலை செய்பவர்கள் எளிய அரையாடையில் இருக்கிறார்கள். ரோமானியக் குடிமக்களின் நீள மேலாடையான தோகா போர்த்தியவர்கள் நிற்கிறார்கள், பார்க்கிறார்கள். அடுப்புக்காரனின் பெயர் எங்கும் இல்லை.

மேற்கில்தான் நான் வெகுநேரம் நின்றேன். ஆளுயரத் தராசு. கூடை கூடையாக ரொட்டி எடைபோடப்படுகிறது. பக்கத்தில் எழுதுபலகையோடு ஆட்கள். முப்பது ஆண்டுகள் தணிக்கைத் துறையில் குப்பை கொட்டியவனுக்கு இந்தக் காட்சி அந்நியமல்ல. சரக்கு வரவில் தொடங்கி எடை சரிபார்ப்பு வரை ஒரு தாள் விடாமல் இணைத்திருக்கிறார் மனிதர். அரசிடம் பணம் வாங்கிப் பழகியவரின் கல்லறை வேறு எப்படி இருக்கும்?

துளைகளுக்குக் கீழே ஓடும் கல்வெட்டு அவர் பெயரையும் தொழிலையும் சொல்லி, 'அப்பாரெத்' என்று முடிகிறது. அரசு அதிகாரியின் பணியாளர் என்ற பதவியின் சுருக்கம் என்பார் உண்டு. 'பார்த்தாலே தெரிகிறதே!' என்ற பொருளும் வரும். என் ஓட்டு இரண்டாவதற்கு.

அக்டோபர் 18

நாளை ஊருக்கு. பெட்டி கட்டும்போது மனைவி கேட்டாள்: "அவருக்குக் குடும்பம் இல்லையா?"

ரொட்டிக்காரரின் மனைவி அட்டிஸ்டியாவின் கல்வெட்டைப் படித்துக் காட்டினேன். 'அட்டிஸ்டியா என் மனைவி. மிக நல்ல பெண்ணாக வாழ்ந்தாள். அவள் உடலில் எஞ்சியது இந்த ரொட்டிக்கூடையில் இருக்கிறது.'

"கூடையிலா? போன பிறகும் தொழில்தானா?" என்றாள். பிறகு மடித்த புடவையை மறுபடி பிரித்து மடித்தபடி, "மிக நல்ல பெண் என்று கல்லில் எழுதினாரே, உங்களுக்குத் தோன்றுமா?" என்றாள்.

கணவனும் மனைவியும் அருகருகே நிற்கும் புடைப்புச் சிற்பம் அங்கேயே கிடைத்தது. இப்போது காபிடோலின் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. 1934இல் அட்டிஸ்டியாவின் தலையை மட்டும் யாரோ திருடிப் போனார்கள். அதை என் மனைவியிடம் சொல்லவில்லை.