மலிவு விபிஎஸ்: விலைப்பட்டியலில் இல்லாத சங்கதிகள்

கையைக் கடிக்காத விலையில் விபிஎஸ் (பெரிய சர்வர் ஒன்றைப் பிரித்து வாடகைக்கு விடும் பங்கு) எங்கே வாங்கலாம் என்று யாராவது கேட்டால், அதில் என்ன ஓட்டப் போகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். கேட்பவர்களில் நிறையப் பேருக்கு விபிஎஸ்ஸே தேவைப்படாது. வெறும் ஹெச்டிஎம்எல் பக்கங்கள் என்றால் கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃபிளேர் பேஜஸ் மாதிரி இடங்களில் காசில்லாமலே போட்டுவிடலாம். ஒரே ஒரு வேர்ட்பிரஸ் தளம்தான், கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்தாலே கை நடுங்கும் என்றால் பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங் தாராளமாகப் போதும், சர்வரை அப்டேட் செய்யும் வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். விபிஎஸ் வாங்கினால் சர்வரின் முழு அதிகாரம் தரும் ரூட் பாஸ்வேர்டோடு சேர்த்து அந்தத் தலைவலியும் நம் தலையில்தான் விழும். பரவாயில்லை என்பவர்கள் மேலே படிக்கலாம்.

எந்தக் கம்பெனியின் விலைப்பட்டியலைத் திறந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: இத்தனை விசிபியு, இத்தனை ஜிபி ரேம், இத்தனை ஜிபி எஸ்எஸ்டி. இதில் ரேம் மட்டும்தான் ஓரளவு நம்பக்கூடிய எண். விசிபியு, அதாவது வர்ச்சுவல் சிபியு, பெரும்பாலும் சிபியுவின் ஒரு முழு கோர் கிடையாது, அந்தக் கோரில் ஓடும் ஒரு த்ரெட். அதையும் பல பேருக்குப் பங்குபோட்டு விற்றிருப்பார்கள். இதை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன், எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓட்ட மாட்டார்கள் என்ற கணக்கில்தான் அந்த விலைக்கே அவர்களால் தர முடிகிறது. ஆனால் எவ்வளவு தூரம் அதிகமாக விற்றிருக்கிறார்கள் என்பதில்தான் நல்ல கம்பெனிக்கும் மட்டமான கம்பெனிக்கும் வித்தியாசம். கீழ்வீட்டுக்காரர் மோட்டாரைப் போட்டதும் நம் குழாயில் தண்ணீர் நூலாக வருமே, அந்தக் கதைதான்.

இதை எந்த விளம்பரமும் சொல்லாது, சர்வரே சொல்லிவிடும். டாப் (top) கட்டளையை ஓடவிட்டு சிபியு வரியின் கடைசியைப் பாருங்கள், எஸ்டி (st) என்று ஒரு எண் இருக்கும். ஸ்டீல் டைம். உங்கள் மெஷின் வேலை செய்யத் தயாராக நிற்கிறது, ஆனால் மெஷின்களுக்குச் சிபியுவைப் பிரித்துக் கொடுக்கும் ஹைப்பர்வைசர் அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. அப்படிக் காத்துக் கிடந்த நேரத்தின் சதவீதம் அது. ஒன்று, இரண்டு என்றால் கண்டுகொள்ள வேண்டாம். பத்துக்கு மேல் போய் அங்கேயே நின்றால் இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான். காலையில் பூஜ்யம் காட்டிவிட்டு மாலையானால் இருபதைத் தாண்டும் ஒரு சர்வர் என்னிடம் இருந்தது. தளத்தில் அந்த நேரத்தில் ஆளே இல்லை, தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச்சில் ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் வரவே யோசிக்கும். சப்போர்ட்டுக்கு எழுதினால் உங்கள் கோடை ஆப்டிமைஸ் செய்யுங்கள் என்று பதில் வந்தது! அதனால் வாங்கிய அன்றைக்கு ஒரே ஒருமுறை பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். வெவ்வேறு நேரங்களில், குறிப்பாகக் கூட்டம் சேரும் நேரத்தில் பாருங்கள்.

ஒரு விஷயம், இந்த ஸ்டீல் டைம் எண், சொந்தக் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையம்) கொண்ட கேவிஎம் மாதிரி முழு வர்ச்சுவல் மெஷினில்தான் ஒழுங்காகத் தெரியும். கேவிஎம் 2007இல் லினக்ஸ் கெர்னல் 2.6.20இலேயே சேர்ந்துவிட்டது, இன்றைக்கு மலிவு விலையிலும் அதுவே கிடைக்கிறது. அதற்கும் கீழே விலை போனால் ஓப்பன்விசெட், எல்எக்ஸ்சி என்று கன்டெய்னர்களாக இருக்கும்; கெர்னல் உங்களுடையது இல்லை, அவர்களுடையது. டாக்கர் (மென்பொருளைப் பொட்டலமாக ஓட்டுவது) போட வேண்டும், வயர்கார்டு (விபிஎன்) போட வேண்டும் என்று நினைத்து வாங்கினால் அங்கேதான் முட்டிக்கொள்ளும். சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) இருக்கும் சர்வரில் systemd-detect-virt என்று அடித்தால் எது என்று தெரிந்துவிடும்.

ரேமில் கஞ்சத்தனம் வேண்டாம். 1 ஜிபியில் வேர்ட்பிரஸ்ஸும் அதன் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லும் ஓடும்தான், ஆனால் ஒரே நேரத்தில் நாலு பேர் கூடுதலாக வந்தால் வேர்ட்பிரஸ்ஸை ஓட்டும் பிஹெச்பி பிராசஸ்கள் ஒவ்வொன்றாக முளைத்து நினைவகத்தைத் தின்றுவிடும். உடனே, நினைவகம் தீர்ந்தால் பிராசஸை நிறுத்தும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் எழுந்து, இருப்பதிலேயே பெரிய ஆளாகப் பார்த்துப் போட்டுத்தள்ளும், அது பெரும்பாலும் டேட்டாபேஸ்தான். டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்கவில்லை என்று தளம் காட்டும்போது ஹோஸ்டிங்கைத் திட்டுவதற்கு முன்னால் கெர்னல் லாகைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரேம் போதாதபோது கைகொடுக்க டிஸ்க்கில் ஒன்றிரண்டு ஜிபி ஸ்வாப் வைத்து, பிஹெச்பி எத்தனை பிராசஸ் தொடங்கலாம் என்பதையும் குறைத்து வைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

பேண்ட்வித், அதாவது மாதம் எவ்வளவு டேட்டா போய்வரலாம் என்பதைப் பற்றிப் பெரும்பாலோர் வீணாகக் கவலைப்படுகிறார்கள். மாதம் 1 டிபி என்பது இரவு பகலாகச் சராசரி 3 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஓட்டிக்கொண்டே இருந்தால்தான் தீரும், சாதாரணத் தளம் அதன் பக்கத்தில்கூடப் போகாது. வீடியோ வைத்திருப்பவர்கள் மட்டும், அளவு தாண்டினால் வேகத்தைக் குறைப்பார்களா இல்லை பில்லை ஏற்றுவார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அதைவிட சர்வர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது முக்கியம். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிமீதான் போகும், அதாவது ஒவ்வொரு 1,000 கிமீக்கும் போய்வரக் குறைந்தது 10 மில்லி செகண்ட். டிசிபி இணைப்புக்கு ஒரு தடவை, டிஎல்எஸ் 1.3 குறியாக்கத்துக்கு ஒரு தடவை, பக்கத்தைக் கேட்க ஒரு தடவை என்று மூன்று முறை போய்வந்த பிறகுதான் முதல் பைட்டே வரும். பிங் (ஒருமுறை போய்வரும் நேரம்) 200 மில்லி செகண்ட் என்றால் சர்வர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் அரை நொடிக்கு மேல் அங்கேயே போய்விட்டது. படிப்பவர்கள் எங்கே இருக்கிறார்களோ அதற்குப் பக்கத்து டேட்டாசென்டரைப் பிடியுங்கள். வாங்கும் முன்பே சோதித்துப் பார்க்க நிறையக் கம்பெனிகள் ஐபி முகவரி கொடுத்திருக்கும்.

அப்புறம் ஐபி, சர்வரின் இணைய முகவரி. உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த பழைய வகை ஐபிவி4 முகவரிகள் 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டன, அதனால்தான் இப்போது பல இடங்களில் ஐபிவி4க்குத் தனியாகக் காசு. ரொம்ப மலிவாக ஒரு பிளானைப் பார்த்தால் அது புதிய வகை ஐபிவி6 மட்டுமா, இல்லை பல பேர் சேர்ந்து பயன்படுத்தும் நாட் முகவரியா என்று படித்துப் பாருங்கள். கிடைக்கும் முகவரியும் புதுசாக இருக்காது, முன்னால் வைத்திருந்தவர் ஸ்பாம் அனுப்பியிருந்தால் ஸ்பாம்ஹவுஸின் தடைப்பட்டியலில் அது ஏற்கனவே இருக்கும். சொந்த மெயில் சர்வர் ஆசை இருப்பவர்களுக்கு இன்னொரு தடை: டிஜிட்டல்ஓஷன், வல்ட்டர், ஹெட்ஸ்னர் உட்படப் பலர் மெயில் அனுப்பும் 25ஆம் போர்ட்டை ஆரம்பத்தில் அடைத்தே வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் மெயிலை விபிஎஸ்ஸில் வைக்கவே வேண்டாம்.

இவ்வளவு பார்த்தாலும் போகப்போகத்தான் ஒரு கம்பெனி எப்படி என்று தெரியும். ஆகவே எனக்கு முதல் தகுதி, வெளியே வருவது சுலபமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பாதி விலை என்பார்கள், ரின்யூவல் விலை எவ்வளவு என்று பொடி எழுத்தில் தேட வேண்டியிருக்கும். மணிக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ பில் போடும் இடத்தைப் பிடியுங்கள், கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் சரி. டொமைனை ஹோஸ்டிங் கம்பெனியிடமே வாங்காதீர்கள், சண்டை வந்தால் இரண்டும் அவர்கள் கையில் இருக்கும். 99.9 சதவீத அப்டைம் என்ற வாக்குறுதியையும் ரொம்ப நம்ப வேண்டாம்: மாதத்துக்கு 43 நிமிடம் விழுந்து கிடந்தாலும் அந்தக் கணக்குக்குள்தான் வரும், மீறினால் கிடைப்பதும் பெரும்பாலும் பில்லில் சின்னத் தள்ளுபடிதான்.

பேக்கப் கட்டாயம் வேறு கம்பெனியில் இருக்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் என்ற ஹோஸ்டிங் கம்பெனியின் டேட்டாசென்டர் ஒன்று முழுசாக எரிந்துபோனது, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போனது. ஹோஸ்டிங் கம்பெனி தரும் ஸ்னாப்ஷாட்டும் (சர்வரின் அப்போதைய நகல்) வசதியானதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ரெஸ்டிக் மாதிரி பேக்கப் மென்பொருள் ஒன்றை வைத்து தினமும் வெளியிலும் ஒரு பிரதி அனுப்பி, அதைப் புதுசாக ஒரு சர்வரில் ஏற்றி ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது ஓடிவிட்டால் கம்பெனி மாறுவதற்கான ஒத்திகையும் முடிந்த மாதிரி.

மாறும்போது டொமைன் எந்த ஐபிக்குப் போகும் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸின் டிடிஎல்லை (அந்தத் தகவல் மற்ற இடங்களில் நினைவில் நிற்கும் நேரம்) முந்தின நாளே 300 நொடிக்குக் குறைத்து வையுங்கள். மாறிய பிறகும் பழைய சர்வரை ஓரிரு நாள் ஓடவிட்டு, லாகில் ஆள் வருவது நின்றதும் டெலீட் செய்யுங்கள். ஆஃப் செய்து வைத்தால் போதாது, டிஸ்க்கும் ஐபியும் உங்கள் பெயரில் இருக்கும்வரை பல இடங்களில் பில் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.