பழைய எம்.ஜி.பி. காரில் ஆயில் பிரஷர் இறங்கியபோது நான் போன வழி

என்னிடம் இருப்பது 1971 மாடல் எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ராணிப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்த ஒரு குடும்பத்திடமிருந்து வாங்கியது. 1798 சி.சி. பி-சீரிஸ் இன்ஜின், ஆயில் பிரஷரையும் தண்ணீர்ச் சூட்டையும் ஒன்றாகக் காட்டும் ஸ்மித்ஸ் மீட்டர். கத்திரி வெயில் தொடங்கியதும் அந்த மீட்டரில் பிரஷர் முள் நடந்துகொண்ட விதம் சரியில்லை. காலையில் சத்துவாச்சாரியில் ஸ்டார்ட் செய்தால் (சதுர அங்குலத்துக்கு) 55 பவுண்டு. ஆம்பூர் வரை போய்த் திரும்பும்போது பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரிசையில் நின்றால், ஐடிலிங்கில் வெறும் 5. மூவாயிரம் சுற்றில் ஓடும்போதும் 35-ஐத் தாண்டவில்லை. ஓட்டத்தில் 50 முதல் 80 வரை, ஐடிலிங்கில் 10 முதல் 25 வரை இருக்க வேண்டும் என்கிறது இந்தக் காரின் மேனுவல்.

கேட்டவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரைத் தொடாமலேயே "இன்ஜினை இறக்கிடலாம்" என்றார்கள். வேறொருவர் ஆயிலைக் கெட்டியாக்கும் டப்பா ஒன்றை ஊற்றச் சொன்னார். அதை நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. கெட்டி ஆயில் ஊற்றினால் முள் ஏறும், ஆனால் பேரிங்குக்குப் போய்ச் சேரும் ஆயில் குறையும். நோய் அப்படியே இருக்க, காய்ச்சல் மட்டும் தெரியாமல் போகும். மேனுவல் சொல்லும் 20டபிள்யூ-50 ஆயில்தான் ஏற்கெனவே இருந்தது, அளவும் டிப்ஸ்டிக்கில் சரியாக இருந்தது.

தோட்டப்பாளையத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாய் ஒருவர் இருக்கிறார். அம்பாசடர் காலத்து ஆள். எம்.ஜி.பி.யின் இன்ஜினுக்கு அம்பாசடரின் பழைய பெட்ரோல் இன்ஜின் உடன்பிறப்பு என்பதால் அவருக்கு இது புதிய பொருளல்ல. அவர் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, அந்த முள்ளை நம்பலாமா கூடாதான்னு மொதல்ல முடிவு பண்ணு. அப்புறம் ஸ்பேனரை எடுக்கலாம்."

இந்த வண்டியில் மீட்டருக்கு ஒயர் கிடையாது. பிளாக்கின் பின்பக்கம் வலது ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய குழாயில் ஆயிலே மீட்டருக்குள் வரும். உள்ளே வளைந்த பித்தளைக் குழல் ஒன்று பிரஷரில் நிமிரும், அது முள்ளை இழுக்கும். ஐம்பது வருஷத்தில் அந்தக் குழல் தளர்ந்து போவது சகஜம். வரும் குழாயில் கசடு அடைத்திருந்தால் முள் மெதுவாக ஏறுமே தவிர, நின்ற பிறகு காட்டும் அளவு மாறாது. என் முள் சட்டென்று ஏறியது, அதனால் குழாயில் அடைப்பில்லை. சந்தேகம் மீட்டர் மேல்தான்.

ராணிப்பேட்டை பக்கம் பாய்லர் இல்லாத தொழிற்சாலை குறைவு. பாய்லர் இருந்தால் பிரஷர் கேஜைச் சோதிக்க ஆளும் இருப்பார். நண்பர் ஒருவர், எடைக்கற்களை வைத்துப் பிரஷரைச் சோதிக்கும் டெட் வெயிட் டெஸ்டரில் சரிபார்த்த ஒரு கேஜைத் தந்து உதவினார். அது (சதுர சென்டிமீட்டருக்கு) கிலோவில் காட்டும். ஒரு கிலோ என்பது 14.2 பவுண்டு. லேத்தில் ஓர் அடாப்டர் கடைந்து, பிளாக்கிலேயே அந்தக் கேஜை மாட்டினோம். நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டுப் பார்த்தால், ஐடிலிங்கில் 0.8 கிலோ, மூவாயிரம் சுற்றில் 2.9. அதாவது 11 பவுண்டும் 41 பவுண்டும். டேஷ்போர்டு மீட்டர் ஆறு பவுண்டு குறைத்துக் காட்டுகிறது என்பது உறுதியானது. ஆனால் உண்மையான பிரஷரும் குறைவுதான். இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொண்டதுதான் இந்த வேலையிலேயே பெரிய லாபம்.

அடுத்தது, பிரஷர் அளவுக்கு மீறினால் ஆயிலைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வ். பிளாக்கின் இடது பின்பக்கம், இரண்டு செப்பு வாஷரோடு ஒரு குமிழ் நட்டுக்குள் இருக்கிறது. ஸ்பிரிங் மூன்று அங்குலம் இருக்க வேண்டும், எங்களுடையது அமுங்கிக் குட்டையாகியிருந்தது. புது ஸ்பிரிங்கும் வால்வும் போட்டதும் குளிர்ந்த இன்ஜினில் 4.3 கிலோவாக இருந்தது 4.9 ஆனது. சூடான ஐடிலிங்கில் மட்டும் அதே 0.8. பாய் தலையாட்டினார். ஸ்பிரிங் தளர்ந்தால் உச்ச பிரஷர்தான் குறையும். வால்வ் உட்காரும் இடத்தில் கசிந்தால் எல்லா வேகத்திலும் குறையும். குளிரில் நன்றாக இருந்து, சூட்டில் சரிந்து, ஐடிலிங்கில் படுத்துவிட்டால் அது பேரிங் இடைவெளி.

பம்ப் தருவது ஆயிலின் ஓட்டத்தை மட்டுமே. அந்த ஓட்டத்துக்குத் தடை இருந்தால்தான் பிரஷர் வரும். கழனிக்குத் தண்ணீர் விடும் ஓஸில் நாலு இடத்தில் ஓட்டை விழுந்தால், மோட்டார் நன்றாக ஓடினாலும் முனையில் தண்ணீர் பீறிடாதல்லவா, அதே கணக்கு. தேய்ந்த பேரிங் ஒவ்வொன்றும் ஓர் ஓட்டை. சூட்டில் ஆயில் இளகும்போது எல்லாம் சேர்ந்து ஒழுகும்.

ஆயிலை வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றினோம். வெயிலில் பிடித்தபோது சாம்பல் நிறத்தில் நுண்ணிய மினுமினுப்பு. காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஒட்டவில்லை. இரும்பாக இருந்திருந்தால் ஒட்டியிருக்கும். அப்படியென்றால் அது பேரிங் பூச்சின் துகள். எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்தக் கணம்தான்.

இன்ஜினை இறக்காமல், அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பை மட்டும் கழற்றினோம். முன் போல்ட்டுகள் கிராஸ்மெம்பர் என்ற குறுக்குச் சட்டத்துக்கு மேலே ஒளிந்திருப்பதால் அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. கனெக்டிங் ராட் கிராங்க்கைப் பிடிக்கும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசை மாறாமல் அட்டையில் வைத்தார் பாய். கீழ்ப்பாதிகள் மங்கிய சாம்பல் நிறத்தில் ஒழுங்காக இருந்தன. மேல்பாதிகளில் நடுவே செம்பு தெரிந்தது. எரியும் பெட்ரோல் பிஸ்டனைத் தள்ளும் விசை முழுவதையும் தாங்குவது அந்த மேல்பாதிதான். மேல்பூச்சு தேய்ந்து அடியிலிருந்த செம்பு வெளியே வந்துவிட்டது. கிராங்க்கையே தாங்கும் மெயின் பேரிங்குகளில் தேய்மானம் இருந்தாலும் செம்பு எட்டிப் பார்க்கவில்லை.

புது பேரிங் ஆர்டர் செய்யும் முன் பழையதின் முதுகைத் துடைத்துப் பார்க்க வேண்டும். எங்களுடையதில் 020 என்று பொறித்திருந்தது. யாரோ எப்போதோ கிராங்க்கை இருபது தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு) கடைந்திருக்கிறார்கள். ஸ்டாண்டர்ட் சைஸ் வரவழைத்திருந்தால் அது பொருந்தியே இருக்காது. மைக்ரோமீட்டரில் கிராங்க் பின்களைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தோம். வட்டம் கெடவில்லை, கோடும் விழவில்லை. அதனால் திரும்பக் கடையும் தேவை இல்லாமல் போனது. பேரிங்கும் புது ஆயில் பம்ப்பும் இங்கிலாந்திலிருந்து வந்து சேரும்வரை கார் ஸ்டாண்டு மேலேயே நின்றது.

மாட்டும் நாளில் பாய் ரொம்பக் கறாராக இருந்தார். மெல்லிய பிளாஸ்டிக் நூலை கிராங்க் பின் மேல் வைத்து, மூடியை முறுக்கி, மறுபடி கழற்றி, நசுங்கிய அகலத்தை அட்டையோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பேரிங்கிலும் இடைவெளியைப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போனார். பம்ப்புக்குள் வாசலைன் அடைத்தோம், இல்லையென்றால் முதல் சுற்றில் ஆயிலை இழுக்காது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்றி, கேஜ் அசைந்த பிறகுதான் பிளக்குகளை மாட்டி ஸ்டார்ட் செய்தோம்.

ஐநூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை மாற்றி மீண்டும் துணியில் ஊற்றிப் பார்த்தேன். மினுமினுப்பு இல்லை. அதே ஆம்பூர் சாலையில், அதே வெயிலில், பிளாக்கில் மாட்டிய கேஜ் மூவாயிரம் சுற்றில் 4.1 கிலோ, ஐடிலிங்கில் 1.5 காட்டியது. பவுண்டுக் கணக்கில் 58-ம் 21-ம். டேஷ்போர்டு மீட்டர் இப்போதும் ஆறு பவுண்டு குறைத்தே காட்டுகிறது. அதை ரிப்பேருக்கு அனுப்பும்வரை பரிசோதனைக் கேஜைத் திருப்பித் தர வேண்டாம் என்று நண்பர் சொல்லிவிட்டார். அடுத்த கோடைக்குள் மெயின் பேரிங்குகளையும் மாற்றிவிட வேண்டும். அதற்கான செட்டுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.