ஒத்திகை இல்லாத நாடகம்: மேலூர்ப் பக்கம் ஒரு வள்ளி திருமணம்

மதுரையில் தொழில்முறை நாடகக் கம்பெனி எங்கே இருக்கிறது என்று கேட்டால் யாரும் ஒரு கட்டடத்தைக் காட்ட மாட்டார்கள். ஆனால் பங்குனியில் திருவிழாக்கள் தொடங்கிவிட்டால் ஆடி வரைக்கும் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஓர் அம்மன் கோயில் முன்னால் விடிய விடிய நாடகம் நடந்துகொண்டுதான் இருக்கும். ராஜபார்ட் என்கிற கதாநாயகன் புதுக்கோட்டைப் பக்கம், ஸ்திரீபார்ட் என்கிற கதாநாயகி மதுரை, பபூன் என்கிற கோமாளி திண்டுக்கல், ஹார்மோனியம் வேறு எங்கோ. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, முன்பணம் கொடுத்து, ஒரு ராத்திரிக்கு ஒரே மேடையில் சேர்க்கிறார்கள். ஸ்பெஷல் நாடகம் என்பது இதுதான்.

மேலூரில் ஒரு டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் கிளம்பினேன். மேலே அம்மன் படம், நடுவில் ‘வள்ளி திருமணம்’ என்று கொட்டை எழுத்து, சுற்றிலும் நடிகர்களின் முகங்கள், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அவரவர் ஊர். சாயங்காலம் மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் ஏறினால் ஒத்தக்கடையில் யானைமலை பக்கவாட்டில் கூடவே வரும். மேலூரில் இறங்கி ஷேர் ஆட்டோ. பெரியாறு கால்வாய்த் தண்ணீர் பாயும் வயல்கள் ஒரு பக்கம், கிரானைட்டுக்காக அறுத்துத் தள்ளிய குன்றுகள் இன்னொரு பக்கம். அந்தக் குன்றுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஊருக்குள் நுழையும்போது மேடை தயாராகியிருந்தது. கோயில் வாசலைப் பார்த்த மாதிரி போட்டிருந்தார்கள். அம்மன் உட்கார்ந்த இடத்திலிருந்தே நாடகம் பார்க்க வேண்டும், அதனால் மேடைக்கும் சன்னதிக்கும் நடுவே எதுவும் மறைக்கக் கூடாது. சீன் செட்டுக்காரர்கள் காட்டுப் படுதாவை ஏற்றி இறக்கிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். விழாப் பொறுப்பில் இருந்த பெரியவரிடம் செலவைப் பற்றிக் கேட்டேன்.

“தலைக்கட்டு வரிதான் தம்பி. வீட்டுக்கு இவ்வளவுன்னு கூட்டம் போட்டுப் பேசிருவோம். வெளியூர்ல இருக்கிற பயலுகளும் அனுப்பிருவானுக. ஊர்ல கல்யாணத்துக்கு நிக்கிற புள்ளைக இருக்குல்ல, அதான் இந்த வருசம் வள்ளி திருமணம்.”

இந்த நாடகத்துக்குச் சொந்தக்காரர்கள் யார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிக்கெட் கிடையாது, ஆனால் இலவசமும் இல்லை. ஒவ்வொரு வீடும் காசு போட்டிருக்கிறது. எந்த நாடகம், எந்த ராஜபார்ட் என்று கூட்டத்தில் சண்டை போட்டுத் தீர்மானித்திருக்கிறது. பாட்டு சரியில்லை என்றால் சத்தம் போட்டுச் சொல்லும் உரிமை பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் உண்டு.

மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் மறைப்புக்குள் ஒப்பனை நடந்துகொண்டிருந்தது. தனக்குத்தானே ஒப்பனை, தன் சொந்தப் பெட்டி, சொந்த உடை, சொந்தச் சவுரி. வள்ளியாக வரவிருந்த அக்கா கண்ணுக்கு மை தீட்டியபடியே பேசினார். அன்றைய முருகனோடு அவர் அதுவரை நடித்ததே இல்லையாம்.

“பயமா இல்லையாக்கா?”

“என்ன பயம்? சாமி பாட்டு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பின்பாட்டுக்காரரு சுருதியப் பிடிச்சுக் குடுத்துட்டா போதும். தர்க்கத்துல அவரு என்ன கேட்டாலும் பதில் சொல்லணும். சொல்லலைன்னா சனம் சும்மா விடாது.”

அவர் ‘சாமி’ என்றது சங்கரதாஸ் சுவாமிகளை. 1867இல் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1922இல் புதுச்சேரியில் காலமானவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி எல்லாம் அவர் எழுத்து. 1918இல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்து ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா’வைத் தொடங்கினார். பின்னாளில் சொந்தமாக நாடகக் கம்பெனி நடத்திய டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றது அங்கேதான். அந்தக் கம்பெனிகள் போய்விட்டன, நடிகர்கள் பலர் சினிமாவுக்குப் போனார்கள். அவர் எழுதிய பாட்டும் வசனமும் மட்டும் நூறு வருடம் கழித்தும் வெவ்வேறு ஊர்க்காரர்களை ஒரே கம்பெனி ஆட்களைப் போல நடிக்க வைக்கின்றன. ஒத்திகை இல்லாமல் எட்டு மணி நேரம் மேடையில் நிற்பதற்கு அந்தப் பாடம் தலைக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்க வேண்டும்! இதைத் தொழில்திறமை என்று மதிக்காமல் ‘கிராமத்துப் பொழுதுபோக்கு’ என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு ராத்திரியாவது வந்து உட்கார வேண்டும்.

பத்தரைக்குப் பபூன் வந்தார். பாட்டும் பேச்சுமாகக் கூட்டத்தைக் கட்டிப்போட்டார். அடுத்து டான்ஸ் வேடக்காரப் பெண். இருவருக்கும் வாய்ச்சண்டை. சில பேச்சுகள் எனக்குப் பிடிக்கவில்லை, பெண்களைச் சீண்டிச் சிரிப்பு வாங்கும் பழக்கத்தை விட்டுவிடலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

நள்ளிரவுக்கு மேல் நாரதரும் வள்ளியும் தினைப்புனத்தில் சந்தித்தார்கள். சிறுபிள்ளைகள் பாயிலேயே தூங்கிவிட, பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். நாரதர் புராணத்திலிருந்து ஒரு கேள்வி வீசினார், வள்ளி பாட்டாகவே பதில் சொல்லி, மேலே ஒரு கேள்வியையும் போட்டார். பக்கத்தில் இருந்த அப்பத்தா தொடையைத் தட்டி, “கேட்டியா, அவ மடக்கிட்டா!” என்றது. பள்ளிக்கூடம் போகாத அந்த அப்பத்தாவுக்கு அடுத்த அடி முன்கூட்டியே தெரிந்திருந்தது. நாரதர் ஒரு வரியை விட்டுவிட்டுத் தாவியபோது, வெற்றிலையை மென்றுகொண்டே விட்ட வரியை எடுத்துச் சொன்னது. முருகன் வேடனாக வந்து, விருத்தனாக வந்து, யானை வந்து, மாலை மாற்றும்போது கிழக்கு வெளுத்திருந்தது.

மறுநாள் தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் திருமங்கலம் போனேன். அங்கே நாடக நடிகர் தியாகி விஸ்வநாததாஸின் நினைவிடம் இருக்கிறது. 1886இல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். முருக வேடத்தில் நின்றபடியே தேசியப் பாட்டுகளைப் பாடினார். வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் இடத்தில் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடினால், அந்தக் கொக்கு யாரென்று கூட்டத்துக்கும் தெரியும், ஓரத்தில் நின்ற போலீசுக்கும் தெரியும். வேடத்தோடேயே கைதானவர், பலமுறை சிறை சென்றவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையில், மயில் மீது முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. பத்திரிகை வாசிக்கத் தெரியாத ஊர்களுக்கு விடுதலைப் போராட்டச் செய்தி இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. முடிதிருத்தும் தொழில் செய்த மருத்துவர் சாதியில் பிறந்தார் என்பதற்காக அவரோடு ஜோடி சேர மறுத்தவர்களும் இருந்தார்கள்.

அந்த மறுப்பு வேறு உருவில் இன்னும் இருக்கிறது. ராத்திரி முழுக்க வள்ளியாகக் கும்பிடு வாங்கிய பெண்ணுக்கு, நாடகக்காரி என்று தெரிந்தால் நகரத்தில் வாடகை வீடு கிடைப்பது கஷ்டம். மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் அம்மாவின் தொழிலைக் கேட்டதும் யோசிக்கிறார்கள். வருமானமும் ஆறு மாதத்துக்குள் முடிகிற சீசனோடு சரி. 2020இல் பங்குனியிலேயே ஊரடங்கு வந்து, திருவிழாக்கள் நின்று, ஒரு சீசன் அப்படியே போனது. கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்ட ஊர்களும் உண்டு, “அடுத்த வருசம் வந்து ஆடுங்க” என்று விட்டுக்கொடுத்த ஊர்களும் உண்டு என்று அந்த அக்கா சொன்னார். விட்டுக்கொடுத்த ஊர்களின் பெயரை வரிசையாகச் சொன்னார், ஒன்றைக்கூட மறக்கவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் சித்திரை, வைகாசி நல்ல மாதங்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பஸ் நிலையங்களைச் சுற்றியுள்ள டீக்கடைச் சுவர்களைப் பாருங்கள், நோட்டீஸ் கண்ணில் படும். பாயோ பழைய போர்வையோ எடுத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள். பத்து மணிக்கே போய்விடுங்கள். அன்பளிப்புக் கொடுத்தால் மைக்கில் பெயர் சொல்வார்கள், பெரும்பாலும் ராஜபார்ட்டுக்கும் பபூனுக்கும்தான் அது போகிறது. நீங்கள் ஹார்மோனியக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் என்று சொல்லிக் கொடுங்கள். ராத்திரி முழுக்க மேடையை விட்டு இறங்காதவர்கள் அவர்கள்தான்.